காத்திருக்க வசதி உள்ளவர்களின் வரலாறு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் வரலாற்றுத் துறைகளில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் வந்துவிடும். பதில்கள் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வரும். உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர்கள் வருகிறோமா இல்லையா என்பதை ஏப்ரல் 15க்குள் சொல்ல வேண்டும் என்று அங்குள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. ஆக, விண்ணப்பத்துக்கும் முடிவுக்கும் நடுவே நான்கு மாதம். இந்த நான்கு மாதத்தை யாரால் தாங்க முடிகிறது என்பதே நாளை யார் வரலாறு எழுதுவார்கள் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் பெங்களூரு ஜீவனஹள்ளிக்கு ஒரு மார்ச் மாதத்தில் வந்து பார்க்கலாம்.

ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுனையும் குக் டவுனையும் லிங்கராஜபுரத்தையும் ஒட்டிய பகுதி. பெங்களூரு ஈஸ்ட் ரயில் நிலையம் நடக்கும் தூரம். மாரிக்குப்பத்திலிருந்து, அதாவது கோலார் தங்கவயலிலிருந்து, காலையில் ஆட்களை அள்ளிக்கொண்டு வரும் ரயில்கள் இந்தத் தண்டவாளத்தில்தான் போகும். தமிழும் கன்னடமும் தக்கினி உருதும் இங்கிலீஷும் ஒரே மளிகைக் கடை வாசலில் கேட்கும். நான் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். இந்தத் தெருக்களிலிருந்து மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பரிந்துரைக் கடிதம் கேட்டு இன்னும் வருகிறார்கள். எண்ணிக்கை மிகக் குறைவு. வரலாற்றை முதல் விருப்பமாக எடுத்துப் படிக்கிற பிள்ளையே இங்கு அபூர்வம்.

பரிந்துரைக் கடிதம் என்றால் தாளில் எழுதி உறையில் போட்டுக் கொடுப்பது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எனக்குத் தனித்தனி இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பும். பிள்ளை எட்டு இடத்துக்குப் போட்டால் எட்டுப் படிவம். நீங்கள் இதுவரை கற்பித்த மாணவர்களில் இவரை எங்கே வைப்பீர்கள், முதல் ஒரு விழுக்காட்டிலா, ஐந்திலா, பத்திலா என்று படிவம் கேட்கும். ஜிமெயில் வேண்டாம், நிறுவன மின்னஞ்சல் முகவரி கொடுங்கள் என்றும் கேட்கும். ஓய்வு பெற்றவனுக்கு நிறுவனம் ஏது? பணியில் இருந்த காலத்திலும் எங்கள் கல்லூரி ஆசிரியர்களுக்கு அப்படியொரு முகவரி கிடையாது.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது வேறொன்று. கடிதத்தின் எடை அதை எழுதியவரின் பெயரில் இருக்கிறது. டெல்லியின் பெயர்பெற்ற கல்லூரி ஒன்றின் ஆசிரியர் இரண்டு பத்தி எழுதினால், தேர்வுக் குழுவில் இருப்பவர்களில் ஒருவராவது அவரை ஏதோ ஒரு கருத்தரங்கில் பார்த்திருப்பார். அவருடைய முந்தைய மாணவர்கள் இருவர் அதே துறையில் படித்துக்கொண்டிருப்பார்கள். என்னைப் போன்றவன் நான்கு பக்கம் எழுதினாலும் அது யாரோ ஒருவர் எழுதியதுதான். குழுவில் இருப்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். சில நூறு விண்ணப்பங்களைப் படித்துப் பத்துப் பதினைந்து பேரை எடுக்க வேண்டிய நிலையில் தெரிந்த பெயரில் கண் நிற்பது இயல்பு. நானும் அந்த நாற்காலியில் இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

விண்ணப்பத்தில் மற்ற பகுதிகளும் உண்டு. எதை ஆராயப் போகிறாய், ஏன் எங்கள் துறை, யாரிடம் படிக்க விரும்புகிறாய் என்று இரண்டு பக்கத்தில் சொல்லும் எஸ்ஓபி. இருபது இருபத்தைந்து பக்க ஆய்வுக் கட்டுரை ஒன்று, மாதிரிக்கு. பல வரலாற்றுத் துறைகள் ஜிஆர்இ தேர்வைக் கைவிட்டுவிட்டன. சமத்துவத்தின் பெயரால் செய்ததுதான், நல்லதுதான். ஆனால் அதனால் கூடிய எடை முழுவதும் அந்த மாதிரிக் கட்டுரையின் மேல் விழுந்துவிட்டது. நம் பல்கலைக்கழகங்களின் பட்டப்படிப்பில் ஐந்து மதிப்பெண் கேள்வி, பத்து மதிப்பெண் கேள்வி, பதினைந்து மதிப்பெண் கேள்வி. இருபது பக்கம் எழுதச் சொல்லும் பாடம் எது? மூல ஆவணத்தை வைத்து ஒரு வாதத்தைக் கட்ட வேண்டும் என்பதையே பிள்ளைகள் விண்ணப்பிக்கிற ஆண்டில்தான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார்கள்.

சரி, காத்திருப்புக்கு வருகிறேன்.

நான் கடிதம் எழுதிக் கொடுத்த ஒரு மாணவி எடுத்துக்கொண்ட பொருள், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெங்களூரு கன்டோன்மென்ட் பங்களாக்களில் ஆயாக்களாகவும் சமையற்காரிகளாகவும் வேலை செய்த தமிழ்ப் பெண்கள். அவளுடைய பாட்டியின் வீட்டுக் கதைகளில் இருந்து பிடித்த நூல் அது. விண்ணப்பக் கட்டணம் ஓரிடத்துக்கு நூறு டாலரை ஒட்டி வரும். தள்ளுபடி உண்டு, ஆனால் கேட்டால்தான் உண்டு, பல இடங்களில் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் உண்டு. வீட்டில் சீட்டு எடுத்து நான்கு இடத்துக்குப் போட்டாள். ஜனவரியில் ஒரு நிறுவனத்தில் வேலைக்கு எடுத்தார்கள். அமெரிக்க வாடிக்கையாளர்களின் புகார்களுக்கு இரவில் பதில் எழுதும் வேலை. ஒரு வாரத்தில் சேர வேண்டும். அவளுடைய அம்மா என்னிடம் வந்தார்.

“சார், அந்த லெட்டர் எப்ப சார் வரும்? கம்பெனில நாளைக்குள்ள சொல்லணும்ங்கறாங்க. நான் என்னான்னு சொல்லட்டும்?”

மார்ச் கடைசிக்குள் தெரிந்துவிடும் என்றேன். அந்த அம்மா சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. மார்ச் கடைசி என்பது அவர் கணக்கில் இரண்டு வாடகை. மாணவி வேலையில் சேர்ந்தாள். இரவு வேலை முடிந்து காலையில் விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். மார்ச்சில் இரண்டு இடத்திலிருந்து மறுப்பு வந்தது, ஓரிடத்தில் காத்திருப்புப் பட்டியல், ஓரிடத்திலிருந்து ஏப்ரல் பாதியைத் தாண்டியும் எதுவும் வரவில்லை. காத்திருப்புப் பட்டியல் என்றால் இடம் கிடைத்தவர்களில் யாராவது வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவர்கள் ஏப்ரல் 15 மாலை வரை சொல்ல மாட்டார்கள். கையில் மூன்று நான்கு இடம் வைத்திருப்பவர்கள் எதை விடுவது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். அவளுக்கு இடம் வரவில்லை. இப்போதும் அதே வேலையில் இருக்கிறாள். அடுத்த முறை போடுவேன் என்கிறாள். போடுவாள் என்றுதான் நினைக்கிறேன்.

அவளைவிடக் கெட்டிக்காரர்களுக்கு இடம் கிடைத்திருக்கலாம், அதில் எனக்குப் புகார் இல்லை. புகார் வேறு. அவளோடு போட்டியிட்டவர்களில் எத்தனை பேர் அந்த நான்கு மாதத்தைக் கூலி இல்லாமல், கட்டுரையைத் திருத்திக்கொண்டும் ஆவணக்காப்பகத்தில் உட்கார்ந்துகொண்டும் கழித்திருப்பார்கள்? அவர்கள் மீண்டும் விண்ணப்பித்தால் ஓராண்டு கூடுதல் படிப்போடு விண்ணப்பிப்பார்கள். இவள் ஓராண்டு கூடுதல் தூக்கமின்மையோடு விண்ணப்பிப்பாள்.

அமெரிக்காவை விடுங்கள், இங்கேயே படிக்கலாமே என்பார்கள். படிக்கலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலை இடங்களுக்கு 2022 முதல் க்யூட் பொதுத் தேர்வு வந்தது. முதல் ஆண்டிலேயே தேர்வு செப்டம்பருக்குப் போய், வகுப்புகள் குளிர்காலத்தைத் தொட்டுத்தான் தொடங்கின. அதற்குள் மாநிலப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்து கட்டணம் கட்டியவர்கள் பணத்தை விட்டுவிட்டு டெல்லிக்கோ ஹைதராபாத்துக்கோ போவதா, இருப்பதா என்று தவித்தார்கள். கட்டிய பணத்தை விட முடிந்தவர்கள் போனார்கள். பிறகு தேதிகள் ஓரளவு சீராகிவிட்டன. ஆனால் வரலாற்றுத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். கன்னட வழியிலோ தமிழ் வழியிலோ பட்டம் படித்தவர்கள் இரண்டாவது மொழியில் சிந்தித்து, கேள்விக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லாமல் விடை போட வேண்டும். இந்தி வழி மாணவருக்கு இருக்கும் வசதி கன்னட வழி மாணவருக்கு ஏன் இல்லை என்று கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. கர்நாடகத்தின் கே-செட் தேர்வு கன்னடத்திலும் நடக்கிறது, ஆகவே முடியாத காரியம் ஒன்றுமில்லை. ஆனால் கே-செட் தேர்ச்சி ஆசிரியர் வேலைக்குத் தகுதி தரும், ஆய்வு உதவித்தொகை தராது.

உதவித்தொகை தருவது நெட் தேர்வு. அதன் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) நிலையில் தேறினால் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. தேறாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் படிப்பில் சேர்ந்தவருக்கு மாதம் 8,000. ஒரே துறை, ஒரே நூலகம், ஒரே நெறியாளர். ஒருவருக்கு நான்கு மடங்குக்கும் மேல். பெங்களூரில் எட்டாயிரத்துக்கு வாடகைக்கு அறை பிடித்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு முகவரி கொடுங்கள்.

2024 ஜூன் 18 அன்று நாடு முழுவதும் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெட் எழுதினார்கள். மறுநாள் தேர்வு ரத்து. வினாத்தாள் கசிந்ததாக இணையத்தில் சுற்றிய ஒரு படம் காரணம். அந்தப் படமே திருத்தித் தயாரிக்கப்பட்டது என்று பின்னர் சிபிஐ விசாரணையில் தெரிந்தது. மறுதேர்வு ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 4 வரை நடந்தது. முடிவு அக்டோபரில். இதில் கவனிக்க வேண்டியது, அதே ஆண்டு மார்ச்சில்தான் முனைவர் படிப்புச் சேர்க்கைக்கும் இனி நெட் மதிப்பெண்ணே போதும் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) முடிவெடுத்திருந்தது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் போன்றவை தங்கள் தனி நுழைவுத் தேர்வைக் கைவிட்டு நெட்டுக்கு மாறின. பல வாசல்களை மூடி ஒரு வாசலாக்கிய முதல் ஆண்டிலேயே அந்த வாசலும் நான்கு மாதம் அடைபட்டது. அப்படிச் சேர்க்கைக்காகப் பெறும் மதிப்பெண்ணுக்கு ஆயுள் ஓராண்டு. அந்த ஆண்டுக்குள் இடம் கிடைக்காவிட்டால் திரும்பவும் எழுத வேண்டும்.

2022இல் யுஜிசி எம்ஃபில் படிப்பை நிறுத்தியதைப் பற்றிப் பெரிதாக யாரும் எழுதவில்லை. வீண் படிப்பு, இரண்டு வருடம் போகிறது என்று பலர் மகிழ்ந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குடும்பத்தில் முதல்முறையாக ஆய்வுக்கு வரும் பிள்ளைக்கு எம்ஃபில்தான் பழகும் இடம். ஆவணம் தேடவும், அடிக்குறிப்பு போடவும், நெறியாளரிடம் மறுத்துப் பேசவும் அங்கேதான் கற்றார்கள். ஒத்துவரவில்லை என்றால் ஒரு பட்டத்தோடு வெளியேறலாம். இப்போது நான்காண்டு இளங்கலை முடித்து 75 விழுக்காடு வைத்திருப்பவர் நேராக முனைவர் படிப்புக்குப் போகலாம். அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிகிறது. இருபத்திரண்டு வயதில் ஆய்வுத் தலைப்போடு தயாராக இருப்பவர் எந்த வீட்டுப் பிள்ளை?

இனி, பணத்தில் வந்து நிற்கும் ஒரு விஷயம். ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகள் வெளிநாட்டில் மேல்படிப்புப் படிக்க மத்திய சமூக நீதி அமைச்சகம் தேசிய அயலக உதவித்தொகை தருகிறது. 1954-55இலிருந்து இருக்கும் திட்டம். ஆண்டுக்கு 125 இடம், அதில் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இந்தத் திட்டத்தின் விதிகளில் 2022இல் ஒரு வரியைச் சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வு ஆகியவற்றுக்கு இந்தப் பணம் கிடையாது. அதை இந்தியாவிலேயே படிக்கலாம், வெளிநாட்டு இடத்தை வேறு துறைகளுக்கு ஒதுக்கலாம் என்பது அமைச்சகம் சொன்ன விளக்கம்.

இதை நம் தெருவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். கன்டோன்மென்ட் ஆயாக்களைப் பற்றி ஆராய நினைக்கும் பெண்ணுக்கு இந்தப் பணம் இல்லை. அவள் பிரெஞ்சுப் புரட்சியை ஆராய்வதாகச் சொன்னால் பரிசீலிக்கப்படுவாள். அவளுடைய மூதாதையரைப் பற்றி வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராயலாம், வசதியான வீட்டுப் பிள்ளை ஒருவர், தன் பணத்திலோ அந்தப் பல்கலைக்கழகத்தின் பணத்திலோ. அமைச்சகத்தின் விளக்கத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. பிரிட்டிஷ் கால பெங்களூரின் ஆவணங்களில் கணிசமானவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் தொகுப்பில் இருக்கின்றன. இந்தியாவிலேயே படிக்கலாம் என்பவர்கள் அவற்றை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

2025 ஜூலையில் இதே உதவித்தொகையில் இன்னொரு கூத்து. அந்த ஆண்டுக்கு 106 பேரைத் தேர்ந்தெடுத்ததாக அறிவித்துவிட்டு, 40 பேருக்குத்தான் முதலில் தற்காலிகக் கடிதம் கொடுத்தார்கள். மீதி 66 பேருக்கு, நிதி இருந்தால் தருவோம் என்றார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இடம் கொடுத்துவிட்டது, அரசும் தேர்ந்தெடுத்துவிட்டது, வகுப்பு செப்டம்பரில், ஜூலையில் பணம் உண்டா இல்லையா தெரியாது. விசாவுக்கு வங்கிக் கணக்கையோ உதவித்தொகைக் கடிதத்தையோ காட்ட வேண்டும். இப்படிப்பட்ட காத்திருப்பைப் பொறுமை என்று யாரும் புகழ வேண்டாம்.

மாநில அரசுகளும் அயலக உதவித்தொகை தருகின்றன. கர்நாடகத்தில் பிரபுத்தா திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் பெயரில் ஒரு திட்டம் இருக்கிறது, அது தமிழ்நாட்டில் நிலையாகக் குடியிருப்பவர்களுக்கு. ஜீவனஹள்ளித் தமிழருக்குத் தமிழ் பேசுவதால் அங்கே உரிமை வந்துவிடாது, வரவும் கூடாது. அவர்கள் கர்நாடகத்தவர்கள். இந்த ஊரின் வரலாற்றில் அவர்களுடைய பங்கை இந்த ஊர்தான் எழுத வேண்டும்.

அது சிறிய வரலாறும் இல்லை. 1809இல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட்டை நிறுவியபோது மதராஸ் படையோடு வந்தவர்கள் பெரும்பாலும் ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள்: சிப்பாய், சமையற்காரர், சலவைக்காரர், தோட்டி, கொத்தனார், தரகர், வியாபாரி. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கன்டோன்மென்ட்டுக்கு ரயில் வந்தது. 1898இல் பிளேக் வந்து நெரிசலான பகுதிகளைக் காலி செய்ய வைத்தது. அதன் விளைவாகப் பிறந்த புதுக் குடியிருப்புகளில் ஒன்றுதான் ஃப்ரேசர் டவுன். 1947 ஜூலை 26 வரை இந்தப் பகுதி மைசூர் மகாராஜாவின் ஆட்சியில் இல்லை, பிரிட்டிஷ் ரெசிடென்ட்டின் கீழ் இருந்தது. சுதந்திரத்துக்கு மூன்று வாரம் முன்புதான் மைசூரிடம் திரும்பியது. நகரத்தின் இந்தப் பாதி ஒன்றரை நூற்றாண்டு நெருங்க வேறொரு நிர்வாகத்தில், வேறொரு மொழியில், வேறொரு தாளில் எழுதப்பட்டது.

தண்டவாளத்தின் மறுமுனையில் தங்கவயல். தமிழ் பௌத்த இயக்கத்தை முன்னெடுத்த அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழுக்கு அங்கே பெரிய வாசகர் கூட்டம் இருந்தது. அவருடைய எழுத்துகளைப் பின்னாளில் புத்தகங்களாக அச்சிட்டது தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை. சுரங்கத் தொழிலாளிகளின் காசில் அச்சேறிய பௌத்தம் அது. ஜி. அலாய்சியஸ் 1998இல் அந்த இயக்கத்தைப் பற்றி முழு நூல் எழுதினார். அதே ஆண்டில் ஜானகி நாயர் தங்கவயல் சுரங்கத் தொழிலாளரையும் பெங்களூரு ஆலைத் தொழிலாளரையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலும் வந்தது. பிறகு 2005இல் பெங்களூரின் இருபதாம் நூற்றாண்டைப் பற்றியும் எழுதினார். இவற்றைத் தாண்டி இந்தப் பக்கத்து உழைக்கும் மக்களைப் பற்றி எத்தனை புத்தகம் இருக்கிறது என்று என் மாணவர்கள் கேட்டால், ஒரு அலமாரித் தட்டு நிரம்பும் அளவுக்குக்கூட என்னால் காட்ட முடியாது. தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டது. அதில் வேலை செய்தவர்கள் எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டிய ஆய்வாளர் அடுத்த சேர்க்கைப் பட்டியலுக்காகக் காத்திருக்கிறார்.

வெளிநாட்டு விண்ணப்பப் படிவங்களில் மொழித்திறன் என்று ஒரு கட்டம் இருக்கிறது. தெற்காசிய வரலாற்றை ஆராய்பவருக்கு எத்தனை மொழி தெரியும் என்பது பெரிய விஷயம். ஐரோப்பிய, அமெரிக்க மாணவர்கள் தமிழோ உருதுவோ கற்க இரண்டு மூன்று கோடைக்காலத்தைச் செலவிடுவார்கள், அதற்கும் உதவித்தொகை உண்டு. நம் தெருப் பிள்ளைக்குத் தமிழ், கன்னடம், ஆங்கிலம், கேட்டுப் புரியும் அளவுக்கு உருது. ஆனால் தமிழை வீட்டில் பேசிக் கற்றவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளியில் முதல் மொழி கன்னடம் அல்லது ஆங்கிலம். தமிழ் வகுப்புகள் குறைந்து போய் ஒரு தலைமுறை ஆயிற்று. ஆகவே அந்தக் கட்டத்தில் தமிழுக்கு எதிரே ‘பேச மட்டும்’ என்று போட வேண்டியிருக்கிறது. அல்சூரில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, 1950இலிருந்து. ஏரிக்கரையில் 1991லிருந்து பதினெட்டு ஆண்டு மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலையை 2009இல் திறந்து வைத்ததில் நமக்கெல்லாம் மகிழ்ச்சி. பட்டிமன்றத்துக்கும் பொங்கல் விழாவுக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, பட்டதாரிகளுக்குத் தமிழ்க் கையெழுத்து ஆவணம் படிக்கச் சொல்லிக் கொடுக்கும் ஒரு வகுப்பை நடத்தலாம். பத்துப் பேர் வந்தால் போதும்.

வாசல்கள் வெளியிலும் சுருங்கிவருகின்றன. 2024 நவம்பரில் பாஸ்டன் பல்கலைக்கழகம் வரலாறு உட்படப் பன்னிரண்டு துறைகளில் அடுத்த ஆண்டுக்கான முனைவர் சேர்க்கையை நிறுத்தியது. 2025 அக்டோபரில் ஹார்வர்டு தன் கலை, அறிவியல் புலத்தின் முனைவர் இடங்களை இரண்டு ஆண்டுகளுக்குப் பெருமளவு குறைப்பதாகச் சொன்னது. அதே ஆண்டு மே கடைசியில் அமெரிக்கத் தூதரகங்கள் மாணவர் விசாவுக்குப் புது நேர்காணல் தேதி கொடுப்பதை மூன்று வாரம் நிறுத்தின. மீண்டும் தொடங்கியபோது சமூக வலைதளக் கணக்குகளைத் திறந்து காட்டச் சொன்னார்கள். ஏப்ரலில் இடம் கிடைத்து மகிழ்ந்தவர்கள் ஜூனில் தங்கள் பழைய பதிவுகளை அழித்துக்கொண்டிருந்தார்கள். வரலாறு படிக்கப் போகிறவர் தன் வரலாற்றை அழிக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு பையன் என்னிடம் சொன்னான். அவனுக்கு விசா வந்துவிட்டது.

இடத்தைக் குறைப்பது மாணவர்களுக்கே நல்லது என்று ஒரு வாதம் இருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கிவிட்டு வேலை எங்கே? அமெரிக்காவில் வரலாற்றுத் துறை வேலைகள் 2008 பொருளாதார நெருக்கடியில் விழுந்தவை, பழைய நிலைக்கு எழுந்திருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2024இல் அரசுக் கல்லூரிகளுக்கு 4,000 உதவிப் பேராசிரியர்களை எடுக்க அறிவிப்பு வந்து, ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போடப்பட்டது. இங்கே கர்நாடகத்தில் அரசுக் கல்லூரி வகுப்புகளில் பெரும்பகுதியைக் கௌரவ விரிவுரையாளர்கள் நடத்துகிறார்கள். இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, ஆகவே ஒதுக்க மாட்டேன். வேலை இல்லாத இடத்துக்கு ஆளை அனுப்பாதே என்பது நியாயம். ஆனால் இடம் குறையும்போது முதலில் விழுவது யார் என்று பார்க்க வேண்டும். பத்து இடம் இருந்தபோது ஒன்பதாவதாகவோ பத்தாவதாகவோ வந்த பெயர் தெரியாத கல்லூரிப் பிள்ளை, ஐந்து இடமானபோது பட்டியலிலேயே இல்லை.

பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யாமலே வரலாறு எழுதியவர்கள் நம்மிடையே உண்டு. தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் உயர் அதிகாரியாக இருந்துகொண்டே தமிழ் நாடகம், திரைப்படம் ஆகியவற்றின் அரசியல் பங்கைப் பற்றி 1981இல் ‘தி மெசேஜ் பேரர்ஸ்’ எழுதினார். பிறகு பெங்களூரில் குடியேறினார். மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளி ஆசிரியர். அவர்களைச் சொல்லி, வேலை பார்த்துக்கொண்டே எழுதலாமே என்று பிள்ளைகளிடம் சொல்வது எளிது. அரசு வேலையின் மாலை நேரம் வேறு, இரவு ஷிஃப்டின் பகல் நேரம் வேறு.

நான் கேட்பவை பெரிய காரியங்கள் இல்லை. சேர்க்கை முடிவு எந்த நாளில் வரும் என்பதை விண்ணப்ப அறிவிப்பிலேயே போடுங்கள், அந்த நாளில் சொல்லுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்கள் இதைக்கூடச் செய்வதில்லை. நேர்காணல்வரை வந்து மறுக்கப்பட்டவருக்கு எங்கே குறை என்று இரண்டு வரி எழுதுங்கள். க்யூட், நெட் வரலாற்றுத் தாள்களை மாநில மொழிகளிலும் கொடுங்கள். ஆவணக்காப்பகங்களில் ஆய்வு மாணவர் என்ற அடையாள அட்டை இல்லாத பட்டதாரிக்கும் நாற்காலி கொடுங்கள். இந்த நகரத்தில் என்ன இல்லை? விகாச சௌதாவில் கர்நாடக மாநில ஆவணக்காப்பகம், 1909இலிருந்து மிதிக் சொசைட்டி, பென்சன் டவுனில் ஐக்கிய இறையியல் கல்லூரியின் மிஷன் ஆவணங்கள், இந்திய வரலாற்று ஆய்வு மன்றத்தின் தென் மண்டல மையம். ஜீவனஹள்ளியிலிருந்து இறையியல் கல்லூரிக்கு ஆட்டோவில் போனால் பத்துப் பதினைந்து நிமிடம். பட்டம் முடித்துச் சேர்க்கைக்காகக் காத்திருக்கும் ஓராண்டுக்கு, மாதம் இருபதாயிரம் ரூபாயில், இந்த நிறுவனங்கள் ஆளுக்கு இரண்டு பேரை எடுத்து ஆவணங்களை வரிசைப்படுத்த வைத்தால் அவர்களுக்கும் உதவி, ஆவணங்களுக்கும் உதவி. அந்த ஓராண்டின் முடிவில் பிள்ளையிடம் இருபது பக்கக் கட்டுரையும், நிறுவன மின்னஞ்சல் உள்ள ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் இருக்கும்.

இவற்றில் பலவற்றுக்குப் பணம் வேண்டும், குழு வேண்டும், கோப்பு நகர வேண்டும். தேசிய அயலக உதவித்தொகை விதிகளில் 2022இல் சேர்த்த அந்த வரியை நீக்க அதெல்லாம் வேண்டாம். அந்த வரியை நீக்கினால் ஓர் இடம்கூடக் கூடாது, ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகாது. இருக்கிற 125 பேரில் ஒருவர் வரலாற்று மாணவராக இருக்கலாம், அவ்வளவுதான். அமைச்சகத்தின் அடுத்த அறிவிப்பு வரும்போது, கர்நாடகத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் டெல்லிக்குப் போயிருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களில் யாராவது ஒருவர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து, அவையில் கேட்கட்டும்.